பித்தளைக் காசுக்குள் பிட்காயின்!

பிட்காயின் பற்றி எந்தப் பத்திரிகையில் செய்தி வந்தாலும், டி.வி.யில் காட்டினாலும், கூடவே ஒரு படம் வரும். தங்க நிறத்தில் பளபளக்கும் வட்டக் காசு. நடுவில் இரண்டு கோடு போட்ட பெரிய 'பி' எழுத்து. இதைப் பார்த்துப் பார்த்து, பிட்காயின் என்றால் இப்படித்தான் இருக்கும், யாரிடமோ இது மூட்டை மூட்டையாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ஆன்லைன் கடைகளில் இதே காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கிவிட்டு, "என்னிடம் ஒரு பிட்காயின் இருக்கிறது" என்று சொல்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிட்காயினுக்கு உருவம் கிடையாது. அது ஒரு கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பதிவு மட்டுமே. ஆனால் உள்ளே உண்மையான பிட்காயினை வைத்துப் பூட்டிய பித்தளைக் காசுகளும், வெள்ளிக் காசுகளும், ஏன், தங்கக் காசுகளும்கூட ஒரு காலத்தில் விற்பனைக்கு வந்தன. அவற்றில் பல இன்றும் உரிக்கப்படாமல் இருக்கின்றன. உருவமே இல்லாத ஒன்றை எப்படிக் காசுக்குள் வைக்க முடியும்? அதை நம்பி வாங்கலாமா? இந்த இரண்டையும்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கண்ணாடி உண்டியல்

முதலில் இரண்டு சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று முகவரி, இன்னொன்று ரகசியச் சாவி.

கோயிலில் கண்ணாடியால் ஆன ஓர் உண்டியல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் அதில் பணம் போடலாம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் திறக்க வேண்டுமென்றால் சாவி வேண்டும். பிட்காயின் முகவரி இந்த உண்டியல் போன்றது. அதில் எவ்வளவு இருக்கிறது என்பதை இன்டர்நெட்டில் யாரும் பார்க்கலாம். அதற்கென்றே 'பிளாக் எக்ஸ்ப்ளோரர்' என்ற வகை வெப்சைட்கள் இருக்கின்றன.

சாவி என்பது ஒரு மிகப் பெரிய எண். 256 பிட் நீளமுள்ள எண். அந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டால் முகவரி வரும். முகவரியிலிருந்து திருப்பிக் கணக்குப் போட்டு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. இட்லி மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் பிரித்தெடுக்க முடியாதது போல என்று சொல்லலாம். (இன்னும் கறாரான உதாரணம் வேண்டுமென்றால் கணித ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்.)

இப்போது விஷயம் எளிதாகிவிட்டது. சாவி என்பது வெறும் எண்தான் என்றால், அதைக் காகிதத்தில் எழுதலாம். எழுதிய காகிதத்தைச் சிறிய வட்டமாக வெட்டி ஒரு காசின் பின்புறம் வைத்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிடலாம். அந்த எண்ணுக்கு உரிய முகவரியில் ஒரு பிட்காயினைப் போட்டு வைத்துவிட்டால், காசு யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் அந்தப் பிட்காயின் இருக்கிறது என்று பொருள். காசு கைமாறினால் பிட்காயினும் கைமாறும். கம்ப்யூட்டரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.

யூட்டாவில் பிறந்த காசு

இதை முதன்முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் மைக் கால்டுவெல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சாண்டி என்ற ஊரைச் சேர்ந்த சாப்ட்வேர் காரர். 2011ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட காசுக்குக் 'கசாசியஸ்' என்று பெயர். உள்ளதை உள்ளபடி சொல்வதைக் குறிக்கும் ஓர் ஆங்கில மரபுத்தொடரின் முதல் எழுத்துகளைக் கோத்து, ரோமானியப் பெயர் போல் வால் ஒட்டி உருவாக்கிய பெயர் அது.

ஒரு பிட்காயின் மதிப்புள்ள பித்தளைக் காசு நம் ஊர் 10 ரூபாய் காசைவிடச் சற்றே பெரியது. பின்புறம் ஹோலோகிராம் ஸ்டிக்கர். அதில் உள்ள சிறு சன்னல் வழியாக முகவரியின் முதல் எட்டு எழுத்துகள் தெரியும். ஸ்டிக்கரை உரித்தால் காசின் மேல் தேன்கூடு போன்ற வடிவம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். திரும்ப ஒட்டி ஏமாற்ற முடியாது என்பது ஏற்பாடு. நாம் பவுடர் டப்பா, மருந்துப் பெட்டிகளில் பார்க்கும் அதே சங்கதிதான்.

முதலில் வந்த ஹோலோகிராமில் ஒரு வேடிக்கை நடந்தது. காசின் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போய் அச்சாகிவிட்டது. அடுத்த தொகுப்பில் திருத்திவிட்டார்கள். ஆனால் தபால் தலை சேகரிப்பவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும் அல்லவா? அச்சுப் பிழை உள்ளதற்குத்தான் விலை அதிகம்! இங்கும் அதே கதைதான்.

ஒரு பிட்காயினோடு நிற்கவில்லை. அரை, 5, 10, 25, 100 என்று பல மதிப்புகளில், பித்தளையிலும் வெள்ளியிலும் வந்தன. 1000 பிட்காயின் மதிப்புள்ள தங்கக் காசும் உண்டு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 28 ஆயிரம் உருப்படிகள். அவற்றில் ஏற்றப்பட்ட மொத்தம் 90 ஆயிரம் பிட்காயினுக்கு மேல்.

இன்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் 2011ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு பிட்காயினின் விலை 2 டாலர் அளவுக்கு விழுந்து கிடந்தது. இரண்டு டாலருக்குப் பித்தளைக் காசு என்றால் அதிசயமில்லை. நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுக்கவும், "இதுதான் பிட்காயின்" என்று கையில் வைத்துக் காட்டவும்தான் பலர் வாங்கினார்கள். 2025ஆம் ஆண்டு மே மாதம் 100 பிட்காயின் கட்டி ஒன்றை அதன் சொந்தக்காரர் உரித்து, உள்ளே இருந்ததைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். அப்போது ஒரு பிட்காயின் 1 லட்சம் டாலருக்கு மேல். அதாவது கைக்கு அடக்கமான ஓர் உலோகக் கட்டிக்குள் ஒரு கோடி டாலருக்கு மேல் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் சும்மா கிடந்திருக்கிறது.

பழவேற்காட்டு வராகனும் இதுவும்

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு காலத்தில் காசு அச்சடித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் அங்கே 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் முக்கியமான இடம். அங்கே அவர்கள் தங்க வராகன்கள் அச்சிட்டார்கள்.

அந்த வராகனுக்கும் இந்தக் கசாசியஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். வராகனின் மதிப்பு அதன் தங்கத்தில் இருக்கிறது. உருக்கினாலும் தங்கம்தான். தேய்த்துப் பார்த்து, எடை போட்டுப் பார்த்து, அச்சடித்தவன் யாரென்று தெரியாமலேயே ஒரு செட்டியார் அதை வாங்கலாம். கசாசியஸின் மதிப்பு பித்தளையில் இல்லை. உள்ளே இருக்கும் சிறு காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை வெளியிலிருந்து சோதிக்க வழியே இல்லை.

வெளியே இருக்கும் காசைச் செய்வது பெரிய வித்தையும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ சி.என்.சி. மெஷினும், லேசர் மார்க்கிங் மெஷினும் வைத்திருக்கும் பட்டறைகளுக்கு வட்டமாகப் பித்தளையைக் கடைந்து எழுத்து பொறிப்பது சாதாரண வேலை. வாகன உதிரிபாகங்களில் வரிசை எண்ணும் கியூ.ஆர். கோடும் பொறிக்கிற அதே மெஷின்தான். எனவே காசு எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

குட்டிச் சாவி

256 பிட் எண்ணை அப்படியே எழுதினால் மிகவும் நீளம். காசுக்குள் வைக்கும் வட்டக் காகிதத்தில் அது அடங்காது. இதற்காகக் கால்டுவெல் 'மினி கீ' என்ற முறையைக் கொண்டுவந்தார். நாம் இதைக் குட்டிச் சாவி என்போம். ஆங்கில எழுத்து 'எஸ்'ஸில் தொடங்கும் இதன் நீளம் ஆரம்பக் காசுகளில் 22 எழுத்துகள், பிறகு 30 எழுத்துகள்.

இதை 'எஸ்.எச்.ஏ.-256' என்ற கணக்கு முறைக்குள் போட்டால் முழு நீளச் சாவி வெளியே வரும். எந்த எழுத்துத் தொடரைக் கொடுத்தாலும் அதை அரைத்து 256 பிட் எண்ணாகத் தரும் முறை அது. ஒரே எழுத்து மாறினாலும் வருகிற எண் முற்றிலும் மாறிவிடும்.

அப்படியானால் காகிதத்தைப் பார்த்து டைப் செய்யும்போது ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டால்? அதற்கும் வழி செய்திருக்கிறார். குட்டிச் சாவியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்து மறுபடியும் அரைத்தால், வரும் விடையின் முதல் பைட் பூஜ்யமாக இருக்க வேண்டும். கண்டபடி எழுதிய தொடர்களில் 256இல் ஒன்றுக்குத்தான் இந்தப் பொருத்தம் அமையும். எனவே பிழையாக டைப் செய்தால் சாப்ட்வேர் பெரும்பாலும் அங்கேயே பிடித்துவிடும். பூஜ்யம், பெரிய 'ஓ', பெரிய 'ஐ', சிறிய 'எல்' ஆகிய நான்கும் இந்தச் சாவிகளில் வராது. ஒன்றைப் போல் இன்னொன்று தெரிவதால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். புரோகிராம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், காசின் பளபளப்பைவிட இந்தச் சின்ன ஏற்பாடு எனக்கு அழகாகத் தெரிகிறது.

ஒரு கடிதம் வந்தது, கடை மூடியது

2013ஆம் ஆண்டு நவம்பரில் கால்டுவெல் காசு விற்பனையை நிறுத்தினார். அமெரிக்க நிதித்துறையின் கீழ் வரும் 'ஃபின்சென்' என்ற நிதிக்குற்றத் தடுப்பு அமைப்பிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. "நீங்கள் செய்வது பணம் அனுப்பும் தொழில். அதற்குப் பதிவு செய்ய வேண்டும்" என்பது அதன் சாரம். அவர் டாலர் வாங்கவே இல்லை. பிட்காயினை வாங்கிக்கொண்டு பிட்காயின் உள்ள காசைத்தான் கொடுத்தார். ஆனாலும் அரசாங்கத்தின் பார்வை வேறு. பதிவு, கணக்கு, கண்காணிப்பு என்று ஒரு தனி மனிதர் சமாளிக்க முடியாத வேலைகள் அதில் உண்டு. அதே வாரத்தில்தான் பிட்காயின் முதன்முறையாக 1000 டாலரைத் தாண்டியது!

அதற்குப் பிறகு அவர் விற்றவை பிட்காயின் ஏற்றப்படாத வெற்றுக் காசுகள். லீலானா, பின்லாந்தின் டெனாரியம் போன்று வேறு சிலரும் காசு வெளியிட்டார்கள். ஆனாலும் சேகரிப்பவர்கள் மத்தியில் கசாசியஸுக்கு இருக்கும் மரியாதை தனி. உரிக்காத காசு, உள்ளே இருக்கும் பிட்காயினின் மதிப்பைவிட அதிக விலைக்குப் போவதுண்டு. உரித்துவிட்டால் அந்த அதிகப்படி போய்விடும். பிட்காயின் விலை ஏற ஏறச் சொந்தக்காரருக்கு இது பெரிய சங்கடம். உரிக்காமல் வைத்திருந்தால் வீட்டில் திருட்டு பயம், உரித்தால் அரிய பொருள் ஒன்று வெறும் பித்தளையாகிறது.

மூன்று கேள்விகள்

இப்படி ஒரு காசை உங்களிடம் ஒருவர் விற்க வந்தால் என்ன கேட்க வேண்டும்? மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் கேள்வி, அந்த முகவரியில் பிட்காயின் இருக்கிறதா? இதை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். பிளாக் எக்ஸ்ப்ளோரரில் முகவரியைக் கொடுத்தால் தெரிந்துவிடும். கசாசியஸில் எட்டு எழுத்துதான் வெளியே தெரியும் என்றாலும், முழு முகவரிகளின் பட்டியலைக் கால்டுவெல் வெளியிட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வி, உள்ளே இருக்கும் காகிதத்தில் அந்த முகவரிக்கான சாவிதான் இருக்கிறதா? உரித்தால்தான் தெரியும். உரிக்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை.

மூன்றாவது கேள்வி, அந்தச் சாவியின் நகல் வேறு யாரிடமாவது இருக்கிறதா? இதை உரித்தாலும் தெரிந்துகொள்ள முடியாது. சாவி வெறும் எண் என்பதால், அதை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எந்த சாப்ட்வேராலும் சொல்ல முடியாது. சாவிகளை இன்டர்நெட் தொடர்பில்லாத கம்ப்யூட்டரில் உருவாக்கி, அச்சிட்ட பிறகு அழித்துவிட்டதாகக் கால்டுவெல் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அவருடைய பெயர் கெடவில்லை என்பது உண்மை. ஆனால் அது அவருடைய நேர்மைக்குச் சான்று, காசுக்கு அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் செய்த காசுக்கு இந்தச் சான்றும் கிடையாது.

நகைக்கடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து எண் ஒன்று இருக்கும். அதை பி.ஐ.எஸ். ஆப்பில் கொடுத்தால் எந்தத் தரம், யார் சோதித்தது என்று தெரியும். சந்தேகம் இருந்தால் நகையையே உரசிப் பார்க்கலாம். இங்கே முதல் கேள்விக்கு மட்டும்தான் அப்படி ஒரு சோதனை உண்டு.

இது எப்படி விளையாடும் என்பதற்கு ஓர் உதாரணம். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் ஒருவர், எனக்குப் பழக்கமானவர், ஒரு காசின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தெரிந்தவர் மூலமாக வந்ததாம். ஒரு பிட்காயின் உள்ள காசு, அவசரத் தேவை என்பதால் 60 ஆயிரத்துக்குத் தருகிறார்களாம். போனஸ் பணம் கையில் இருந்தது.

"தம்பி, நானே ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டேன். நெட்ல நூறுக்கு மேல காட்டுது. பொய்யா இருந்தா அது எப்படிக் காட்டும்?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். நானும் ஸ்கேன் செய்தேன். நூறு பிட்காயினுக்கு மேல் காட்டியது. ஆனால் அந்த முகவரிக்கு முதல் வரவு வந்த தேதி 2009 ஜனவரி 3. பிட்காயின் பிறந்த நாள்! அதாவது பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோவின் முதல் பிளாக்கில் உள்ள முகவரி அது. உலகம் முழுவதும் தெரிந்த முகவரி. அபிமானிகள் காணிக்கை போல் அதற்குப் பிட்காயின் அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் இருப்பு நூறைத் தாண்டியிருக்கிறது. அந்த முகவரியைக் கியூ.ஆர். கோடாக மாற்றிக் காசில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

"அண்ணே, திருப்பதி உண்டியலைக் காட்டி இது என் உண்டியல்னு ஒருத்தர் சொன்னா, உள்ளே பணம் இருக்கறது உண்மைதானே? சாவி அவர்கிட்ட இல்லையே" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகவரியை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பணம் இருப்பதைக் காட்டுவது வேறு, அதன் சாவி காசுக்குள் இருப்பது வேறு. தவிர, பல லட்சம் பெறும் பொருளை 60 ஆயிரத்துக்கு ஒருவர் ஏன் விற்க வேண்டும்? உண்மையான சாவி இருந்தால் உரித்து, போனிலேயே விற்றுக் காசாக்கிக்கொள்ளலாமே!

ஊசி போட்டால் போதும்

சரி, ஹோலோகிராம் ஸ்டிக்கரையாவது நம்பலாமா? 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த 'டெஃப்கான்' ஹேக்கர் மாநாட்டில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஊசி மூலம் ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு கரைப்பானைச் செலுத்தினால் பசை இளகிவிடுகிறது. தேன்கூடு அடையாளம் விழாமல் ஸ்டிக்கரைத் தூக்கி, சாவியைப் படித்துவிட்டு, மறுபடி ஒட்டிவிடலாம். அதனால் கைமாறி வந்த காசு என்றால், அசல் கசாசியஸாகவே இருந்தாலும், நடுவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சேகரிப்பவர்கள் காசைத் தர மதிப்பீட்டு நிறுவனங்களிடம் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது கேள்விக்குத் தீர்வு கண்டுபிடிக்கவும் முயன்றிருக்கிறார்கள். ஒன்று, கால்டுவெல்லே முன்வைத்த 'பி.ஐ.பி. 38' என்ற முறை. நீங்கள் ஒரு பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு, அதிலிருந்து உருவான ஒரு குறியீட்டை மட்டும் காசு செய்பவருக்குக் கொடுக்கிறீர்கள். அவர் அதை வைத்துச் சாவியைத் தயாரித்துக் காசில் வைக்கிறார். அந்தச் சாவி உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. செய்தவராலும் முடியாது, திருடியவராலும் முடியாது. ஆனால் பாஸ்வேர்டு மறந்தால் உங்களாலும் முடியாது. கையிலிருந்து கைக்கு மாற்றுவதும் சுலபமில்லை. காசோடு பாஸ்வேர்டையும் அல்லவா கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, கனடாவின் காயின்கைட் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த 'ஓப்பன்டைம்'. இது காசு வடிவில் இல்லை, சிறிய யு.எஸ்.பி. பென் டிரைவ் போல் இருக்கும். கம்ப்யூட்டரில் செருகி, உங்களிடமுள்ள ஏதாவது பைல்களை அதில் காப்பி செய்தால், அவற்றையும் கலந்து உள்ளே இருக்கும் சிப் தானே ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளும். முகவரியை மட்டும் காட்டும். சாவி யாருக்கும் தெரியாது, உங்களுக்கும்தான். செலவு செய்ய வேண்டும் என்றால் போர்டில் உள்ள ஒரு துளையில் ஊசியால் குத்தி ஒரு பாகத்தை உடைக்க வேண்டும். அப்போதுதான் சாவி வெளியே வரும். உடைந்ததை ஒட்ட முடியாது. ஸ்டிக்கர் செய்த வேலையை இங்கே சிப் செய்கிறது. என் பார்வையில் இது காசைவிட எவ்வளவோ நேர்மையான ஏற்பாடு. அலமாரியில் வைத்து அழகு பார்க்கத்தான் லாயக்கில்லை!

உரிப்பது எப்படி?

வெளிநாட்டில் இருந்த உறவினர் ஒருவர் 2012இல் வாங்கிய காசு உங்கள் வீட்டில் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு நகத்தால் சுரண்டாதீர்கள். முதலில் பிட்காயின் வாலட் சாப்ட்வேர் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். 'எலக்ட்ரம்' இதற்கு ஏற்றது. குட்டிச் சாவியை நேரடியாக ஏற்கும். அதன் சொந்த வெப்சைட்டிலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். போலிப் பதிப்பை இறக்க வைத்துப் பலரிடம் திருடிய சம்பவம் 2018 கடைசியில் நடந்திருக்கிறது.

வாலட்டைத் தொடங்கியதும் 12 சொற்களைக் காட்டும். அவற்றை எழுதி வைத்த பிறகே காசைத் தொட வேண்டும். பிறகு ஸ்டிக்கரை உரித்து, சாவியை 'ஸ்வீப்' என்ற கட்டளையில் டைப் செய்யுங்கள். ஸ்வீப் என்றால் பெருக்கி அள்ளுவது. பழைய முகவரியில் உள்ள மொத்தத்தையும் உங்கள் வாலட்டின் புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். 'இம்போர்ட்' என்று இன்னொரு வழி உண்டு. அது பழைய சாவியையே தொடர்ந்து பயன்படுத்துவது. வேண்டாம். சாவியின் நகல் வேறு யாரிடமாவது இருந்தால், பணம் பழைய முகவரியில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறேழு உறுதிகள் வந்துவிடும்.

செல்போனில் சாவியைப் படம் எடுக்காதீர்கள். படம் நீங்கள் கேட்காமலேயே இன்டர்நெட்டில் எங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி விவரம் கேட்பது இன்னும் மோசம்.

இன்னொரு விஷயம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிட்காயினிலிருந்து 'பிட்காயின் கேஷ்' என்ற வேறொரு நாணயம் பிரிந்தது. பிரிவதற்கு முன் முகவரியில் பிட்காயின் இருந்தால், அதே அளவு பிட்காயின் கேஷும் அதே சாவியில் இருக்கும். பிட்காயினைப் பத்திரமாக மாற்றிய பிறகு இதையும் எடுத்துக்கொள்ளலாம். வரிசை முக்கியம். முன்பின் தெரியாத வாலட்டில் சாவியைக் கொடுத்து முதலில் சில்லறையை எடுக்கப் போய், பெரிய நோட்டைப் பறிகொடுக்கக் கூடாது.

நம் நாட்டில் நிலைமை என்ன?

பிட்காயின் இந்தியாவில் சட்டப்படி செல்லும் பணம் அல்ல. வைத்திருப்பது குற்றமும் அல்ல. வங்கிகள் கிரிப்டோ தொழிலுக்குச் சேவை தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் 1 முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அதற்கு மேல் செஸ்ஸும் உண்டு. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலை முதல் 1 சதவீத டி.டி.எஸ். பிடித்தமும் சேர்ந்தது. காசின் சேகரிப்பு மதிப்பையும் உள்ளே உள்ள பிட்காயினின் மதிப்பையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்பதை விற்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

நாமே பட்டறையில் அச்சடித்து விற்கலாமே என்று யாருக்காவது தோன்றினால் ஒரு நிமிடம். பணமாகப் பயன்படுத்தும் நோக்கில் உலோக வில்லைகளைச் செய்து வெளியிடுவதை 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடை செய்கிறது. அழகுப் பொருளாக விற்பது வேறு விஷயம்.

"இவ்வளவு தலைவலி எதற்கு? எக்ஸ்சேஞ்சிலேயே வைத்துவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே சாவி உங்களிடம் இருக்காது, கம்பெனியிடம் இருக்கும். வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போனது. எல்லாருடைய கணக்குகளும் முடங்கின. திருடு போனது ஒரு வகை நாணயம், தன் கணக்கில் இருந்ததோ எக்ஸ்ஆர்பி என்ற வேறு நாணயம், அதை ஏன் முடக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு, கிரிப்டோ கரன்சி தொட்டுப் பார்க்கும் பொருளும் அல்ல, பணமும் அல்ல, ஆனால் அது சொத்து என்று சொன்னது. ஒருவர் அதை உடைமையாக வைத்திருக்கவும், இன்னொருவருக்காக நம்பிக்கையின் பேரில் பாதுகாக்கவும் முடியும் என்றும் சொன்னது. வாடிக்கையாளருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, வக்கீல் வைத்து வாதாட வேண்டியிருந்தது.

எஃகுத் தகடு

உங்களுக்கு வேண்டியது சேகரிப்புப் பொருள் அல்ல, சாவியை உலோகத்தில் பாதுகாப்பதுதான் என்றால் காசு எதற்கும் தேவையில்லை. வாலட் தரும் 12 சொற்களைக் காகிதத்தில் எழுதினால் கரையான் அரிக்கும், மழைத் தண்ணீரில் நனையும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் பொறித்து வைத்தால் நெருப்புக்கும் தண்ணீருக்கும் தாங்கும்.

தகடு வெட்டும் பட்டறைகளில் கையகல 304 கிரேடு துண்டு கழிவிலேயே கிடைக்கும். ஆங்கில எழுத்துகள் உள்ள பஞ்ச் செட் ஹார்டுவேர் கடையில் வாங்கலாம். கெட்டியான இரும்புத் துண்டின் மேல் தகட்டை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் ஒரே அடி. ஒரு சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் போதும், அந்தச் சொற்பட்டியலில் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக உள்ள இரண்டு சொற்கள் கிடையாது. 12 சொற்களுக்கு 48 அடிக்குள் வேலை முடிந்துவிடும். பட்டறைக்காரர் லேசர் மெஷினில் இரண்டே நிமிடத்தில் போட்டுத் தருகிறேன் என்பார். தகட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அவருடைய கம்ப்யூட்டரில் அந்த 12 சொற்களும் ஒரு பைலாக உட்கார்ந்திருக்கும்.